தட்டிக்குப் பின்னால்

ஐப்பசியில் பிரெஞ்சுக் கொடி இறங்கி நம் கொடி ஏறியதும் ஊரே வெடி வெடித்துக் கொண்டாடியது. நானும் சேர்ந்து கைதட்டினேன். எல்லைச் சுங்கச் சாவடியின் குறுக்கு மூங்கிலைப் பிடுங்கி எறிந்தபோதுதான் அதோடு என் சோறும் போயிற்று என்று உறைத்தது.

ஐந்து வருஷம் அந்தச் சாவடியில் எனக்கு வேலை. காரைக்காலிலிருந்து நாகூர்ப் பக்கம் போகிற பெண்களைக் கீற்றுத் தட்டி மறைவுக்குக் கூட்டிப்போய், கையைத் தூக்கச் சொல்லி, கொண்டை, இடுப்பு, மடி எல்லாம் தடவிப் பார்க்க வேண்டும். பிரெஞ்சு எல்லைக்குள் மலிவாகக் கிடைத்த சென்ட்டும் பட்டும் தங்கமும் வரி கட்டாமல் வெளியே போய்விடக் கூடாதாம். ஆண்களைச் சோதிக்க ஏழெட்டுப் பேர். பெண்களுக்கு நான் ஒருத்திதான். எங்கள் ஊர் போலகத்தில் தையல்நாயகி என்ற என் பெயரையே மறந்துவிட்டு, 'தடவுறவ' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

வேலை போன பிறகு அந்தப் பட்டம் என்னைத் தின்றது. நடவுக்குப் போனால் பக்கத்தில் நின்றவர்கள் கரையேறிவிட்டார்கள். நெல் அவிக்கிற வீடுகளில் வாசலிலேயே கையை ஆட்டி அனுப்பினார்கள். இத்தனைக்கும் நான் ஊரைக் காட்டிக் கொடுத்தவள் இல்லை. ஒரு முழம் பட்டு, ஒரு சென்ட்டு பாட்டில் என்று கையில் தட்டினால், இடுப்பில் செல்லமாக ஒரு தட்டு தட்டி, போ என்று விட்டுவிடுவேன். ஆனால் தொட்ட கை தொட்ட கைதானே! பங்குனி பிறந்தபோது வீட்டில் ஒரு வேளைச் சோறு. அதுவும் என் மகள் ராஜத்துக்குப் போட்டது போக மிச்சம் இருந்தால் எனக்கு.

அப்போதுதான் தண்டோரா போட்டார்கள். எல்லைச் சாவடிகளில் வேலை இழந்தவர்களுக்கு ஆறு மாதம் பாதிச் சம்பளமாம். திருமலைராயன்பட்டினத்துச் சத்திரத்தில் ஓர் அதிகாரி ஒரே ஒரு நாள் உட்காருவார், நாலு மணிக்குக் கிளம்பிவிடுவார். விடிவதற்குள் போய் நின்றேன். என் முறை வரும்போது மணி பதினொன்று.

அதிகாரியின் பெயர் தெட்சிணாமூர்த்தி. பதிவேட்டை மூன்று தடவை புரட்டினார்.

"உன் பேரு எங்கயும் இல்லையேம்மா."

"அஞ்சு வருஷம் இருந்தேங்கய்யா. சனிக்கெழமைக்குச் சனிக்கெழமை கூலி வாங்கினேங்க."

"அந்தக் கூலிய சில்லறைச் செலவுல எழுதியிருக்காங்க. வெளக்கெண்ணெய், தொடப்பம், சோதனைப் பெண். பேரு போடல."

என்னைத் துடைப்பத்துக்கு அடுத்து எழுதியிருக்கிறார்கள்! வந்த ஆத்திரத்துக்கு அந்த மேசையைக் கவிழ்த்திருப்பேன். வயிறுதான் அடக்கியது.

சாவடியில் கூட இருந்த ஆண்களை எங்கெங்கோ மாற்றிவிட்டார்கள். சாட்சி சொல்ல ஊர்ப் பெண்களைக் கூட்டி வரட்டுமா என்று கேட்டேன்.

"வாய்ச் சாட்சி யாரு வேணும்னாலும் சொல்லுவாங்க. காயிதத்துல பேரு இருக்கவங்க சொல்லணும்" என்று ஒரு கட்டைப் பிரித்தார். "அஞ்சு வருஷத்துல பொம்பள கேசு ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. ஆறு கைக்கடியாரம். ஷரீபுன்னிசான்னு ஒரு அம்மா. சோதனைப் பெண் எடுத்துக் குடுத்தாங்கன்னு இருக்கு. அது நீதான்னு அந்த அம்மா வந்து சொல்லட்டும். நாலு மணி வரைக்கும்தான் இருப்பேன்."

வேறு யார் பெயரைச் சொல்லியிருந்தாலும் ஓடிப்போய்க் காலில் விழுந்திருப்பேன்.

ஷரீபுன்னிசா நாகூர்க் கந்தூரிக்குப் போனவள். பினாங்கிலிருந்து புருஷன் அனுப்பிய கடிகாரங்கள் மடியில் இருந்தன. அன்றைக்கு என்று பார்த்து மேலதிகாரி தட்டிக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டு, "என்ன கெடச்சுது?" என்று கேட்டார். பயத்தில் எடுத்து நீட்டிவிட்டேன். துப்பட்டியால் முகத்தை மூடிக்கொண்டு, போகிறவர் வருகிறவர் பார்க்க, பொழுது சாயும்வரை அந்த அம்மாள் சாவடிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நூறு பேரை விட்டதற்கு ஒரு காகிதமும் இல்லை. ஒருத்தியைக் காட்டிக் கொடுத்ததற்கு இருக்கிறது.

அவள் வீடு சத்திரத்திலிருந்து இரண்டே தெரு. தெருமுனை வரைக்கும் போய்த் திரும்பினேன், மறுபடி போனேன். மதிய லுஹர் தொழுகை முடிந்து ஆண்கள் வீடு திரும்பி, சாப்பிட்டு, தெரு அடங்கிய பிறகுதான் கதவைத் தட்டினேன். அவளே திறந்தாள்.

"எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு இங்க வந்தே?"

ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன்.

"ஓகோ. என்னைக் கள்ளின்னு எழுதின காயிதம் இப்ப ஒனக்குச் சோறு போடணுமாக்கும்?"

"அன்னிக்குப் பயந்துட்டேம்மா. மேலதிகாரி வெளிய நின்னாரு."

"நான் மட்டும் சிரிச்சுக்கிட்டா ஒக்காந்திருந்தேன்? இன்னி வரைக்கும் ஒரு கல்யாண வீட்டுல நிமுந்து ஒக்கார முடியல. இப்பச் சத்திரத்துல அத்தன ஆம்பளைங்களுக்கு முன்னாடி, ஆமா அது நான்தான்னு திரும்பவும் சொல்லணுமா?"

அவள் கேட்டது நியாயம். உள்ளே சுவர்க்கடிகாரம் மூன்றடித்தது. ஆனாலும் நான் நகரவில்லை.

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "உள்ள வா. கதவச் சாத்து."

சாத்தினேன்.

"கையத் தூக்கு."

தூக்கினேன்.

நான் செய்கிற வரிசையை அவள் மறந்திருக்கவில்லை. முதலில் கொண்டை. பிறகு கழுத்து, கக்கம். கோபத்தில் கை முரடாக இருந்தது. எனக்கு உடம்பெல்லாம் கூசிச் சுருங்கியது. 'கையைத் தூக்கு' என்று ஐந்து வருஷமாக எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! அது இப்படி இருக்கும் என்று ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை. அவமானத்தில் கண்ணை மூடிக்கொண்டேன்.

விலாவுக்கு வந்ததும் அந்தக் கை நின்றது. மெதுவாக எலும்பு எலும்பாக இறங்கியது. மடிக்கு வந்தது. முதுகோடு ஒட்டிக் கிடந்த வயிற்றை மறைக்க உப்பிப் பார்த்தேன், உப்பவில்லை. கை அங்கேயே இருந்தது. அதில் முரட்டுத்தனம் போய்விட்டது. தூக்கின கையை நானாகவும் இறக்கவில்லை, அவளும் இறக்கச் சொல்லவில்லை.

பிறகு உள்ளே போய்த் துப்பட்டியை எடுத்துப் போர்த்திக்கொண்டு எனக்கு முன்னால் தெருவில் இறங்கி நடந்தாள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அதிகாரி கட்டுகளுக்குக் கயிறு போட்டுக்கொண்டிருந்தார். கார் தயாராக நின்றது. அந்த அம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேசைக்கு முன்னால் போனாள்.

"ஆறு கடியாரமும் என் மடியில இருந்துதான் எடுத்தாங்க. எடுத்தது இவதான். அல்லாவுக்குப் பொதுவா சொல்றேன்."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவள் திரும்பவில்லை. அதிகாரி கயிற்றை மறுபடி அவிழ்த்தார். எழுதிக்கொண்டே வந்தவர் கடைசி வரியில் பேனாவை நிறுத்தினார்.

"வேற வேல, வருமானம், ஒளிச்சு வெச்ச சொத்து ஏதாவது இருந்தா இந்த உதவி கெடையாது. ஒண்ணுமில்லன்னு எல்லாருமேதான் சொல்றாங்க. நான் எத நம்பி எழுதுறது?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஷரீபுன்னிசா முந்திக்கொண்டாள். அத்தனை நேரம் கணீரென்று இருந்த குரல் இப்போது உடைந்துவிட்டது.

"நான் சோதிச்சுப் பாத்துட்டேங்க. அவகிட்ட ஒண்ணுமே இல்ல."