உபதேசியார் பொறுக்கிய சாட்சிகள்

வேதம் சொல்லித்தரும் உபதேசியார் லாசருக்கு வெகுநாளாக ஒரு மனக்குறை. சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு மலையே திரண்டு ஏறுகிறது. கிளியூர்ப் பாதையில் அவர் பார்த்துக்கொள்ளும் மாதா கெபியை, அந்தச் சின்னக் குகைக்கோயிலை, ஈ, காக்கைகூட எட்டிப் பார்ப்பதில்லை. அந்தக் குறை தீர மாதாவின் புதுமை, அற்புதம் ஒன்று வாய்த்தது. மிளகு பறிக்க மரமேறி விழுந்து, மாதக்கணக்கில் படுத்த படுக்கையாய்க் கிடந்த மாதப்பனை உறவுக்காரர்கள் கெபிமுன் கிடத்திவிட்டு டீ குடிக்கப் போனார்கள். திரும்பி வந்தால் ஆள் நடந்துகொண்டிருக்கிறான்!

சேலத்துப் பாதிரிச் சாமியார் வந்து விசாரித்து, புதுமைதான் என்று ஒப்புக்கொண்டால் கெபிக்குத் திருவிழா உண்டு. "நம்ம வேதமே கண்ணால கண்டவங்க சொல்லு மேல நிக்குது" என்று ஞாயிறுதோறும் முழங்குகிறவர் லாசர். சாட்சி திடமாக இருக்க வேண்டாமா? எஸ்டேட் ரைட்டர் ஐயாக்கண்ணு, ஒரு மளிகைக்கடைக்காரர், ஒரு ஜீப் முதலாளி என்று வெள்ளை வேட்டிகளாகப் பார்த்துப் பொறுக்கினார். மூவரும் எதையும் பார்க்கவில்லை என்பது சின்னக் குறைதான். ஜெபம் சொல்லித்தருவதுபோல உருப்போட வைத்தார்.

விசாரணையில் மூவரும் பிசகாமல் ஒப்பித்தார்கள். மாதப்பன் வலது காலை முன்னே வைத்தான், "மாதாவே" என்றான், தாங்கள் தூணோரம் நின்று பார்த்தார்களாம்.

"மூணு பேரும் ஒரே தூணுலயா?"

"ஆமாங்க ஃபாதர்."

சாமியார் சிரித்துவிட்டார். "சுவிசேஷம் எழுதுனவங்க ஆளுக்கொரு விதமாச் சொல்றாங்க. ஆண்டவர் கல்லறையில ஒரு தூதர்னு ஒருத்தர் சொன்னா இன்னொருத்தர் ரெண்டுங்கறாரு. கூடிப் பேசி வெச்சிருந்தா அப்படி வருமா? அதனாலதான் நான் நம்புறேன். உங்க ஆளுங்க ஒரு எழுத்துப் பிசகலையே, உபதேசியாரே! நெசமாப் பார்த்தவங்க ஆரும் இல்லீங்களா?"

லாசர் அவசரமாக முன்னே வந்தார். திருவிழா கைநழுவிக்கொண்டிருந்தது. "கெபி கூட்டற லூர்துசெல்வி பார்த்துச்சுங்க. பொம்பளப் பேச்சு எடுபடாதுன்னு உட்டுட்டனுங்க."

"கல்லறை காலியா இருந்ததை மொதல்ல பார்த்தது ஆரு?"

"பொம்பளைங்கதானுங்க" என்றார் லாசர். இதே கேள்வியை வருஷந்தோறும் பிள்ளைகளிடம் கேட்பவர் அவர்.

லூர்துசெல்வியைக் கூப்பிட்டார்கள். "எந்தக் காலுன்னு தெரியாதுங்க. பயத்துல ஒடம்பெல்லாம் ஒதறிப்போச்சு. வெளக்குமாத்தைப் போட்டுட்டு ஓடிட்டனுங்க."

சாமியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எங்கம்மா ஓடுனீங்க?"

"உபதேசியார் ஊட்டுக்குத்தானுங்க. மாதப்பன் நடக்கறாரு, வாங்கன்னேன். கெனாக் கண்டியா, போய்ப் பொழப்பைப் பாருன்னாரு." அவள் லாசரைப் பாவமாகப் பார்த்தாள். "நாலு எட்டு வந்திருந்தா அவரே பார்த்திருப்பாருங்க."