கிராம்பு வாசனை

அக்கா, நீ விடுதியில் தூங்கியிருப்பாய். காலையில் இதைப் படித்ததும் அம்மாவுக்குப் போன் போடாதே. முதலில் எனக்குப் போடு. பயமாக இருக்கிறது.

நம் வீட்டிலிருந்தே வேலைக்குப் போகும் சித்தி, ஆய்வுக்கூடத்தில் கிராம்பு எண்ணெயிலிருந்து பேன் மருந்து செய்வது உனக்குத் தெரியும். கடை மருந்தெல்லாம் பேன்களுக்குப் பழகிவிட்டது. ஊற்றினால் குளித்துவிட்டு எழுந்து போகின்றன. புது மருந்தை, வீட்டாரின் சம்மதம் வாங்கி, எங்கள் வகுப்பில் போட்டுப் பார்த்தார்கள். நான்தான் சித்திக்கு எடுபிடி. கையுறை மாட்டிக்கொண்டு, சீப்பில் சிக்குவதைக் கண்ணாடித் தட்டில் தட்டிவிடுவேன்.

முதல் நாளே சித்தி, "எங்க, உன் தலையக் காட்டு" என்றாள்.

"அம்மா நேத்துதான் பாத்தாங்க சித்தி. ஒண்ணுமில்ல."

பொய். அம்மா பார்க்கவே இல்லை. காதுக்குப் பின்னால் ஊர்வது எனக்கே தெரிந்தது. பேனுக்கு மருந்து செய்கிறவள் வீட்டுப் பெண் தலையிலேயே பேன் என்றால் வகுப்பு சும்மா விடுமா? கடை ஷாம்பு வாங்கி ரகசியமாகத் தேய்த்தேன். ஒரு முறைக்கு இரண்டு முறை. அதற்குச் சாகாத பேன் என்பதால்தானே சித்தி இத்தனை பாடுபடுகிறாள்! அது என் மரமண்டைக்கு ஏறவில்லை.

மருந்து போட்ட எல்லார் தலையும் சுத்தமானது. மறுவாரம் சீவியபோது ஒருத்தி தலையிலிருந்து மட்டும் பேன்கள் விழுந்தன. என் பக்கத்து இருக்கைக் குருவி. ஒரே ஹெட்போனை நடுவில் பிடித்துத் தலையோடு தலை ஒட்டிப் பாட்டுக் கேட்போமே, அவள்தான்.

சித்தி பூதக்கண்ணாடியில் பார்த்தாள். "எல்லாம் கிழடுங்க. ஈர் பொரிச்சு ஒரு வாரத்துல இவ்ளோ பெருசாகாது. ஒண்ணு மருந்து தோத்திருக்கணும், இல்ல வேற தலையிலேருந்து ஏறியிருக்கணும். வீட்டுல யாருக்காவது இருக்காம்மா?"

"இல்ல ஆன்ட்டி."

"அவ வீட்ல பேன் பண்ணையே வச்சிருக்காங்க ஆன்ட்டி!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். வகுப்பே சிரித்தது. குருவி என்னைப் பார்த்தாள். நானும் சிரித்தேன் அக்கா. சிரித்ததோடு விடவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு முன் இருக்கைக்கு மாறினேன்.

இன்று இரவு சாப்பிடும்போது சித்தி சொன்னாள்: "அந்தக் குருவிப் பொண்ணுக்கு நாளைக்கு முடிய ஒட்ட வெட்டப் போறாங்களாம். இடுப்பு வரைக்கும் முடி. வேணாம்னு சொல்லிப் பாத்தேன், கேக்கல."

"ஈரப் பேனாக்கி, பேனப் பெருமாளாக்குறாங்க" என்றாள் அம்மா. "பாவம், அது என்ன பண்ணும்?"

நான் பாதிச் சோற்றோடு எழுந்துவிட்டேன்.

எல்லாரும் படுத்தபின் குளியலறையில் வெள்ளைத் தாளை விரித்துத் தலையைச் சீவினேன். மூன்று விழுந்தன. மூன்றும் நடந்தன. சித்தியின் கண்ணாடிக் குழாயில் போட்டு, அவள் அறைக் கதவைத் தட்டினேன்.

"யார் தலைடி இது?"

குனிந்து என் தலையைக் காட்டினேன். விளக்கடியில் இழுத்து வகிடு பிரித்துப் பார்த்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன்.

"மருந்து தோத்துப்போச்சுன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்டி" என்றாள். அவ்வளவுதான். அடித்திருக்கலாம். பிறகு போனை நீட்டினாள். "நீயே பேசு. அவங்க வெட்டறதுக்குள்ள."

குருவிதான் எடுத்தாள். நான்தான் என்று சொன்னதுமே, "சாயங்காலமே வெட்டியாச்சுடி. அம்மாவுக்குப் பொறுக்கல. இப்ப தலையில ஒண்ணுமே இல்ல. நாளைக்கு நீ என் பக்கத்துல உக்காரலாம், பயப்படாத" என்றாள்.

"குருவி, அது என்னோடது."

"எது?"

"பேன்."

அவள் போனை வைத்துவிட்டாள்.

சித்தி என் தலையில் மருந்தைத் தடவிவிட்டுப் போயிருக்கிறாள். காலையில் அலசினாலும் கிராம்பு வாசனை போகாது. அது என்ன வாசனை என்று எங்கள் வகுப்பில் எல்லாருக்கும் தெரியும். தெரியட்டும். அவள் பக்கத்து இருக்கைக்குத்தான் போகப் போகிறேன். ஆனால் அவள் தன் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டால், நான் என்ன செய்யட்டும் அக்கா?