வெள்ளி ஓட்டுப் போடுமா?

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கு அல்ல. என் வீட்டுப் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்த குழாய்க்காரர் கொடுத்தது.

"எங்க அக்காவோட ஷேரை புரோக்கர் ஆபீஸ்ல வேற யாருக்கோ கடன் குடுத்துட்டாங்க. அவளை ஒரு வார்த்த கேக்கல" என்றார்.

குழாய்க் கசிவு நின்றது. எனக்குள் கதை கசிய ஆரம்பித்தது.

2

முதல் தொடக்கம்: 'பங்குச் சந்தை என்னும் பெருங்கடலில் ஒரு சிறு துளியாய்...' (வேண்டாம். எழுதிய கையை உடைக்க வேண்டும்.)

நேராகவே சொல்கிறேன். அக்கா மூக்குக்கண்ணாடி லென்ஸ் செய்யும் ஆலையில் கீறல் பார்ப்பவர். லென்ஸை விளக்குக்கு நேரே சாய்த்தால் மயிரிழைக் கீறலும் தப்பாது. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி, அதே ஆலையின் பங்குகள் நானூறு வாங்கியிருந்தார். இப்போது நிர்வாகம் ஆலையை மூடி இடத்தை விற்கப் பார்த்தது. பங்குதாரர்கள் வாக்களித்தால்தான் நடக்கும். தன் பெயர் ஓட்டுப் பட்டியலில் இருக்கிறதா என்று தரகர் அலுவலகத்தைக் கேட்டார்.

"உங்க ஷேர் இப்ப கடன்ல போயிருக்கு மேடம். யார் கையில இருக்கோ அவங்களுக்குத்தான் ஓட்டு."

தம்பி, அதாவது நம் குழாய்க்காரர், துள்ளினார். "அப்பவே சொன்னேன்ல, வெள்ளி வாங்குன்னு! என் கட்டி மூணும் கட்டிலுக்கு அடியில கிடக்கு. எவன் எடுத்துக் கடன் குடுப்பான்?"

"உன் வெள்ளி ஓட்டுப் போடுமாடா?"

(இதை என்னிடம் சொன்னபோது குழாய்க்காரர் ஏற்கெனவே இறுக்கி முடித்த நட்டை மறுபடி இறுக்கினார்.)

3

இந்த இடத்தில் அக்காவைத் தோற்கடிப்பதாக இருந்தேன். தோற்றவர்களைப் பற்றி எழுதினால் எழுத்துக்குக் கொஞ்சம் கனம் வரும். 'கலங்கிய கண்களோடு அவர் படியிறங்கியபோது...'

இறங்கவில்லை. ஏறினார். தரகர் அலுவலகத்துக்கு மூன்று மாடி.

தரகர் அக்காவின் கணக்குப் படிவத்தை எடுத்துப் போட்டார். 'பங்குகளைக் கடன் கொடுக்கச் சம்மதம்' என்ற கட்டத்தில் டிக் இருந்தது. அக்கா தாளை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தார். பையிலிருந்து தன் நகலை எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

"என் கையெழுத்து மை மங்கிப்போச்சு. இந்த டிக் இன்னும் மினுங்குது. என் நகல்ல கட்டமே காலி. இதை யார் சார் போட்டது?"

தரகர் படிவத்தைக் கவிழ்த்து வைத்தார். அதே ஆலையின் ஓட்டை விசாரிக்க வந்து காத்திருந்தவர்களில் ஒருவர் எழுந்தார். "என் ஃபார்மையும் எடுங்க!" அடுத்தவர், அதற்கடுத்தவர்... நாற்காலிகள் காலியாயின.

[கேட்காமல் கடன் கொடுக்கலாமா? சட்டம் இடத்துக்கு இடம் மாறும். நான் வக்கீல் அல்ல. ஆனால் சம்மதம் என்ற கட்டத்தை நிரப்ப வேண்டிய கை எது என்பதற்கு வக்கீல் தேவையில்லை.]

மேலாளர் ஓடிவந்தார். "நாலு நாள் டைம் குடுங்கம்மா, திருப்பி வாங்கிடறோம்."

"பட்டியல் மூட மூணு நாள்தான் இருக்கு. ரெண்டு எடுத்துக்குங்க."

இரண்டாம் நாள் மாலை நானூறும் திரும்பின. அன்று படிவம் கேட்டு எழுந்த மற்றப் பத்தொன்பது பேரின் பங்குகளும் கூடவே வந்தன.

4

கூட்டத்தன்று தம்பியை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். பங்கில்லாதவருக்கு உள்ளே இடமில்லை. அக்கா நிமிர்ந்து நடந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். விற்க வேண்டாம் என்பவர்கள் எழுந்து ஓட்டு அட்டையை உயர்த்தலாம் என்றதும் முதலில் எழுந்தது அவர்தான். பின்னால் நாற்காலிகள் கிறீச்சிட்டன. பத்தொன்பது அட்டைகள். அப்புறம் அவருக்குத் தெரியாத முகங்கள், வரிசை வரிசையாக.

ஆலை என்னவாயிற்று என்று குழாய்க்காரர் சொன்னார். நான் எழுதப்போவதில்லை. கதையில் அக்காவைத் தோற்கடிக்க நினைத்தவன் கையில் வாக்கு எண்ணிக்கையைக் கொடுப்பது முறையல்ல.

நீங்களே எண்ணுங்கள். நிதானமாக எண்ணுங்கள். அதுவரை அவர்கள் நின்றுகொண்டே இருக்கட்டும். அந்த முகங்களில் களைப்பு ஏதும் தெரியவில்லை.