நூற்றுப் பதினெட்டுச் சுற்று

1.

இந்தக் கதை ஒரு சத்தத்தில் தொடங்கியது. நான் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்த காரின் சத்தம். காலையில் முதல் முறை சாவியைத் திருப்பும்போது என்ஜினுக்குள்ளிருந்து மூன்று நொடி வரும். பிறகு அடங்கிவிடும். நான் அதைக் கவனித்ததே இல்லை. நாற்பத்தாறு வயதில் கார் கற்பவருக்குக் கவனிக்க வேறு விஷயங்கள் உண்டு.

டீச்சர் கவனித்தார். பக்கத்து இருக்கையில், தன் காலடியில் உள்ள இரண்டாவது பிரேக்கின் மேல் பாதத்தை வைத்துக்கொண்டு, அந்த மூன்று நொடியும் பேசமாட்டார்.

2.

தொடக்கத்தை மூன்று முறை எழுதினேன்.

"இரும்பும் அழும் என்பதை அவர் அன்றுதான்—"

இரும்பு அழாது. அடித்துவிட்டேன்.

"என்ஜின் என்பது காலத்தை—"

இதையும்.

"டென்ஷனர் தேய்ந்திருந்தது."

இது நிற்கட்டும்.

* டென்ஷனர் தெரியாதவர்களுக்கு: என்ஜினின் கீழ்ச் சக்கரத்தையும் மேல் சக்கரத்தையும் ஒரு செயின் இணைக்கிறது. டைமிங் செயின். அது தொய்யாமல் பக்கத்திலிருந்து அழுத்திக்கொண்டே இருக்கும், கட்டைவிரல் பருமனுள்ள பொருள்தான் டென்ஷனர். இந்தக் காரில் இரண்டு. தேய்ந்தால் செயின் தொய்ந்து ஆடும். ஆடினால் சத்தம். ஒருநாள் சக்கரத்தின் பல்லைத் தாண்டிவிடும். தாண்டினால் உள்ளே வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். அதற்குப் பிறகு அது கார் இல்லை, பாரம்.

3.

டீச்சருக்கு அந்தக் கார்தான் பள்ளி. இரண்டாவது பிரேக் அதில்தான் இருக்கிறது. கற்றுக்கொடுக்கும் அனுமதியும் அதன் மேல்தான். வேறு கார் என்றால் அனுமதிக்கு ஐந்து மாதம். அவரிடம் கற்கும் எங்களில் நான்கு பேருக்குத் திங்கட்கிழமை இதே காரில் லைசென்ஸ் தேர்வு.

மகள் பிறந்தபோது ஒருமுறை பள்ளியை மூடியிருக்கிறார். மறுபடி திறக்க ஏழு வருடம் ஆயிற்று. "இன்னொரு தடவ மூடினா, தெறக்க எனக்குத் தெம்பில்ல," என்றார், எனக்கு ரிவர்ஸ் சொல்லிக்கொடுக்கும்போது. "இப்ப கண்ணாடியப் பாருங்க."

4.

அடுத்தவர், நான் சந்தேகிக்கும் பாத்திரம். டீச்சரின் கொழுந்தன். பெரிய ஷோரூமில் மெக்கானிக். முதல் பிரதியில் அவரை வில்லனாக்கினேன். வசதியாக இருந்தது. இரண்டாவதில் மனம் திருந்தினார். அதுவும் பொய். இப்போது அவர் பேசியதை மட்டும் எழுதுகிறேன்.

"ஆயுசு முடிஞ்ச என்ஜின் அண்ணி. எங்க ஷோரூம்ல இதப் பிரிக்கவே மாட்டோம். முழுசா தூக்கிட்டு வேற வச்சுடுவோம்."

"உன்ன யாரு பிரிக்கச் சொன்னா? உன் டார்க் ரெஞ்ச மட்டும் குடு."

"அப்ப யாரு பிரிக்கறது?"

"நான்தான்."

"நீங்களா. சரிதான். எனக்கு ஒரு சேர் போட்டுடுங்க."

டீச்சர் அந்தக் காருக்குப் பிரேக்கும் கிளட்சும் தானே மாற்றுகிறவர். மூன்று வாரம் பழைய பழுதுபார்ப்புப் புத்தகத்தைப் படித்திருந்தார். கொழுந்தனுக்கு அது தெரியும். ஞாயிற்றுக்கிழமை, தன் ஒரே லீவு நாளில், வந்தார். போல்ட்டை அளவாக முறுக்கும் அந்த ரெஞ்சைக் கொடுத்தார். சேரில் உட்கார்ந்தார். இவர் நல்லவரா இல்லையா என்று என்னால் முடிவுசெய்ய முடியவில்லை. உங்களால் முடிந்தால் சரி.

5.

வீட்டை ஒட்டிய ஷெட். வலது முன்சக்கரம் கழற்றப்பட்டு, என்ஜினுக்குக் கீழே ஜாக்கி, ஜாக்கியின் மேல் ஒரு மரக்கட்டை. ஒரு பெரிய அட்டையில் என்ஜின் மூடியின் வடிவத்தை வரைந்து, ஒவ்வொரு போல்ட்டையும் அதனதன் இடத்தில் குத்திவைத்தார் டீச்சர். நான் டார்ச் பிடித்தேன்.

[என்னைக் கதையிலிருந்து எடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். டார்ச்சை யார் பிடிப்பது என்று வந்ததால் விட்டுவிட்டேன்.]

கணவர் ஒருமுறை எட்டிப்பார்த்தார்.

"இது சாப்பாட்டு மேச மேல இருந்த அட்டதான?"

"இப்ப போல்ட் அட்ட. தொடாதீங்க."

போய்விட்டார்.

இரண்டு சக்கரத்திலும் தயாரிக்கும்போதே பொறித்த குறி உண்டு. செயினில் இரண்டு இடத்தில், மேல் சக்கரக் குறிக்கு நேராக ஒன்று, கீழ்ச் சக்கரக் குறிக்கு நேராக ஒன்று, வெள்ளைப் புள்ளி வைத்தார். வெள்ளை மை என்னுடையது. எழுத்துப் பிழை அழிக்க வைத்திருப்பது.

பழைய டென்ஷனர்கள் வெளியே வந்தன. அவை அழுத்திக்கொண்டிருந்த பிளாஸ்டிக் பட்டையில் செயின் அரைத்த இரண்டு பள்ளங்கள். டீச்சர் சுண்டுவிரல் நகத்தை வைத்தார். நகம் முழுதாக இறங்கியது.

கொழுந்தன் சேரிலிருந்து எட்டிப்பார்த்து, "ம்," என்றார்.

புதிய பட்டைகள். எண்ணெயில் ஊறவைத்த புதிய டென்ஷனர்கள். அளவாக முறுக்கி, அவை விரியாதபடி பூட்டியிருந்த சிறு ஊசிகளை உருவினார். டக். டக். செயின் நிமிர்ந்தது.

6.

இனி, ஸ்டார்ட் செய்வதற்கு முன் என்ஜினைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்க்க வேண்டும். என் பிரதியில் இப்படி இருந்தது:

"இரண்டு சுற்று. வெள்ளைப் புள்ளிகள் தத்தம் குறிகளில் வந்து நின்றன. அவர் முகத்தில் ஒரு—"

டீச்சர் படித்தார். என் பேனாவை வாங்கி அடித்தார். "அழகா இருக்கு. ஆனா அப்படி வராது."

வரவில்லை. சக்கரங்களின் குறிகள் இடத்தில் நின்றன. புள்ளிகள் வேறெங்கோ இருந்தன. கொழுந்தன் எழுந்துவிட்டார்.

"பல்லு தாண்டிடுச்சு அண்ணி."

"தாண்டல. சக்கரத்துக் குறியப் பாரு, சரியா இருக்கு. செயின் வேற கணக்கு."

"என்ன கணக்கு?"

"செயின்ல நூத்திப் பதினெட்டு கண்ணி. ரெண்டு சுத்துக்கு முப்பத்தாறுதான் நகருது. புள்ளி திரும்பி வரணும்னா நூத்திப் பதினெட்டு சுத்து ஆகும்."

"யாரு சொன்னா?"

"எண்ணிப் பாத்தேன்."

"புள்ளி சேரலன்னா திரும்பப் பிரிச்சுடணும் அண்ணி."

"நீ எத்தன பிரிச்சிருக்க? முழுசா தூக்கறவன்தான?"

கொழுந்தன் ஆணியில் தொங்கிய கார் சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "புள்ளி சேரட்டும். தரேன்."

அவர் சொல்வது சரியாக இருந்து ஸ்டார்ட் செய்தால், என்ஜின் போயிற்று. தவறாக இருந்து மறுபடி பிரித்தால், திங்கட்கிழமை போயிற்று. இரண்டிலும் பள்ளி போகிறது.

டீச்சர் ரெஞ்சை எடுத்தார். "ரெண்டு ஆச்சு. மிச்சம் நூத்திப் பதினாறு. எழுத்தாளரே, எண்ணுங்க."

7.

ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றியிருந்ததால் என்ஜின் இலகுவாகவே சுற்றியது. ஆனாலும் தோள் தோள்தான்.

நாற்பத்தாறாவது சுற்றில் புள்ளிகள் குறிகளுக்கு இரண்டே கண்ணி தள்ளி வந்து நின்றன.

"பாருங்க அண்ணி, ரெண்டு பல்லு. அதான் அப்பவே சொன்னேன்."

"நாப்பத்தாறுதான் ஆச்சு. உக்காரு."

அடுத்த இரண்டு சுற்றில் புள்ளிகள் தூரப் போய்விட்டன.

[இலக்கியம் படித்தவர்களுக்கு வெற்றி என்றால் கூச்சம். எனக்குக் கற்பித்த கதைகளில் இயந்திரங்கள் கடைசிப் பக்கத்தில் நின்றுபோகும். அதற்கு ஆழம் என்று பெயர். நானும் ஐம்பத்திரண்டாவது சுற்றில் ரெஞ்ச் நழுவுவதாக ஒரு முடிவு எழுதினேன். நன்றாக வந்திருந்தது. எந்தச் சிரமமும் இல்லாமல் நன்றாக வந்திருந்தது. கிழித்துவிட்டேன். வேறொன்றில் கொழுந்தன் ரெஞ்சை வாங்கி மிச்சத்தைச் சுற்றுகிறார். அதை டீச்சர் கிழித்தார்.]

எழுபதில் எனக்கு எண் தவறியது.

"எழுபதா, எழுபத்தொண்ணா?" என்றார் டீச்சர், திரும்பாமல்.

நான் விழித்தேன்.

"எழுபத்தொண்ணு," என்றார் கொழுந்தன்.

அதற்குப் பிறகு நானும் அவரும் சத்தமாக எண்ணினோம். தொண்ணூறில் அவர், "குடுங்க அண்ணி, கை விட்டுப்போயிடும்," என்றார். கொடுக்கவில்லை. நூறில் டீச்சர் முழங்கையால் நெற்றியைத் துடைத்தார். நூற்றுப் பதினாறில் புள்ளிகள் இன்னும் எங்கோ இருந்தன. நான் அவற்றைப் பார்க்காமல் டார்ச்சைப் பார்த்தேன்.

நூற்றுப் பதினேழு.

நூற்றுப் பதினெட்டு.

மேல் குறியில் ஒரு வெள்ளைப் புள்ளி. கீழ்க் குறியில் ஒரு வெள்ளைப் புள்ளி. மயிரிழை பிசகில்லை.

கொழுந்தன் குனிந்து பார்த்தார். மறுபக்கம் போய்ப் பார்த்தார். சாவியை எடுத்துச் சட்டையில் துடைத்து நீட்டினார்.

"இத ஷோரூம்ல சொன்னா ஒருத்தனும் நம்ப மாட்டான்."

"எண்ணிப் பாக்கச் சொல்லு," என்றார் டீச்சர். ரெஞ்சைக் கீழே வைக்க முயன்றார். விரல்கள் பிரியவில்லை. சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் முறை. நான் நன்றாக ஓட்டியதில்லை.

8.

மூடியைச் சுற்றிப் பூசிய பசை காய ஒரு இரவு தேவைப்பட்டது. அதனால் முதல் ஸ்டார்ட், திங்கள் காலை, ஆறிக் கிடந்த என்ஜினில். சத்தம் வருவதானால் அப்போதுதான் வரும்.

நாங்கள் நான்கு பேரும் உடுத்திக்கொண்டு நின்றோம். கொழுந்தன் வேலைக்குப் போகும் வழியில் இறங்கிவந்து கேட் அருகில் நின்றார். டீச்சர் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினார்.

அந்த மூன்று நொடியை நான் எழுதப்போவதில்லை. நொடிக்கு ஒரு வரியாகக் காலி விட்டிருக்கிறேன். சத்தம் கேட்டால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

[                              ]

[                              ]

[                              ]

கொழுந்தன் இன்னும் காதைக் கொடுத்து நின்றுகொண்டிருந்தார்.

"எப்ப அண்ணி ஸ்டார்ட் போடப்போறீங்க?" என்றார்.

டீச்சர் ஜன்னல் கண்ணாடியை இறக்கினார்.

"கேட்டத் தெறடா. ஓடிக்கிட்டிருக்கு."