சரளைக் குழி

கமிலஸ் வெட்டுக்கத்தியின் பின்புறத்தால் லாரியின் முன்கண்ணாடியை ஒரே அடியில் நொறுக்கினான். பின்னால் அரிசி மூட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்த தெக்லா எட்டிப் பார்த்த பிறகுதான், சாலைக்குக் குறுக்கே மரத்தை வெட்டிப் போட்டு வழிமறித்திருப்பது தன் தம்பி என்று அவளுக்குத் தெரிந்தது. கியெட்டா துறைமுகத்திலிருந்து விடியற்காலையில் கிளம்பிய லாரி அது. அரிசி, மண்ணெண்ணெய், பதினோரு ஆட்கள், கூடவே புதுப் பாலத்துக்கான போல்ட்டுகள் நிறைந்த ஆறு மரப்பெட்டிகள். அந்தப் பெட்டிகள் வராமல் பாலவேலை, சரளை அள்ளுவதைத் தவிர, மூன்று மாதமாகப் படுத்துக் கிடந்தது. இந்த ஆற்றைத் தாண்டிவிட்டால் புயின் நகரம் ஒரு மணி நேரம்தான்.

பட்டாளம் வர முடியாதபடி பழைய பாலத்தைப் போர்க்காலத்தில் வெடிவைத்துத் தகர்த்தவர்களில் கமிலஸும் ஒருவன். சமாதானம் வந்து இத்தனை வருடமாகியும் வண்டிகள் தண்ணீரில் இறங்கித்தான் அக்கரை ஏறின. போன மழைக்காலத்தில் அப்படி இறங்கிய ஒரு வண்டி புரண்டதில் தெக்லாவின் மகள் எமரென்சியா போய்விட்டாள். பத்தொன்பது வயது. உடல்கூடக் கிடைக்கவில்லை. அதன்பிறகுதான் பாலத்துக்கும் அதற்கு வேண்டிய சரளைக்கும் நிலம் தருவதாகத் தெக்லா கையெழுத்துப் போட்டாள். அங்கே நிலம் பெண்வழியில் வருவது. ஆற்றின் இரண்டு கரையும் தாய்க்குப் பிறகு அவளுடையவை. தம்பியைக் கேட்க வேண்டுமென்று அவளுக்குத் தோன்றவில்லை.

கமிலஸின் ஆட்கள் டிரைவர் பொலிகார்ப்பைச் சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்தார்கள். பத்து வருடமாக இந்த ஆற்றில் வண்டி இறக்கி ஏற்றுகிறவன், அதிர்ந்து பேசாதவன். அரிசியை எடுத்துக்கொள்ளுங்கள், பெட்டிகளை மட்டும் விட்டுவிடுங்கள் என்று அவன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கமிலஸின் கத்தி உயர்ந்தது. தடுக்கத் தூக்கிய கையில், முழங்கைக்குக் கீழே, எலும்புவரை இறங்கியது. பொலிகார்ப் சக்கரத்தில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்து, தன் கையை யாருடையதோ போலப் பார்த்தான். லாரியில் இருந்தவர்கள் குதித்துக் காட்டுக்குள் ஓடினார்கள்.

கமிலஸின் ஆட்கள் இரண்டு பெட்டிகளை ஆற்றுக்குள் உருட்டிவிட்டார்கள். மூன்றாவதைத் தூக்க வந்தபோது தெக்லா அதன்மேல் உட்கார்ந்திருந்தாள்.

"எந்திரி அக்கா."

"இது என் நிலம். இங்க வழிய மறிக்க ஒனக்கு யாரு சொன்னது?"

கத்தியின் தட்டைப்பக்கம் அவள் தோளில் விழுந்தது. உள்ளே ஏதோ முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. இடதுகை தொங்கிப்போனது. கண் இருட்டிக்கொண்டு வந்தாலும் பெட்டியை விட்டு அவள் நகரவில்லை. இரண்டாவது அடிக்குத் தூக்கிய கத்தியோடு கமிலஸ் நின்றுவிட்டான்.

"நேத்து சரளை அள்ளுற மிஷினோட வாளியில என்ன வந்துச்சு தெரியுமா? ரெண்டு மண்டையோடு. ஒண்ணுல முன்பல்லு பாதிதான் இருக்கு. யாரு பல்லுன்னு நான் சொல்லணுமா?"

சொல்ல வேண்டியதில்லை. சின்ன வயதில் ஈரப்பலா மரத்திலிருந்து விழுந்து பல்லை உடைத்துக்கொண்டவன் மூத்த அண்ணன் லீனுஸ். இரண்டு அண்ணன்களும் ஒரே நாளில் சுடப்பட்டவர்கள். பட்டாளத்துக்காரர்கள் தோண்டி எடுத்துவிடுவார்கள் என்று பயந்து, கமிலஸ் தனியாக எங்கேயோ புதைத்துவிட்டு வந்தான். அப்போது அவனுக்குப் பதினேழு வயது.

"எங்கன்னு நீ சொல்லவே இல்லையே," என்றாள் தெக்லா.

"நீ கேக்கவே இல்லையே. கையெழுத்துப் போடுறப்பவாவது கேட்டியா?"

கேட்டால் அவர்கள் செத்தது உண்மையாகிவிடும் என்று இருபது வருடம் கேட்காமலே இருந்தவள் அவள்.

"தோண்டுறத இன்னைக்கே நிறுத்தச் சொல்றேன்," என்றாள் கடைசியில். "அண்ணனுங்க ரெண்டு பேரையும் என் வீட்டுக்குக் கொண்டா. சரளைய வேற எங்கயாவது எடுக்கட்டும். ஆனா பாலம் வரும்."

"வராது."

"வரும். எம்பொண்ணுக்கு எலும்புகூட இல்ல, தம்பி."

கமிலஸ் கத்தியைத் தாழ்த்தினான். அவன் ஆட்கள் அவன் முகத்தையே பார்த்தார்கள். சக்கரத்தடியில் ரத்தம் ஊறி மண் கறுத்துக்கொண்டே போனது. தெக்லா ஒற்றைக் கையால் தன் மேல்துணியைக் கிழித்து, பொலிகார்ப்பின் கையில் சுற்றி, ஒரு முனையைப் பல்லால் கடித்து இறுக்கினாள். புயின் ஆஸ்பத்திரிக்கு உடனே போக வேண்டும், அங்கிருந்தவர்களில் ஓட்டத் தெரிந்தவன் கமிலஸ் ஒருவன்தான். ஏறு என்று அவள் சொன்னாள். தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது என்றான் அவன். வெட்டினது நீதானே, ஏறு என்றாள் மறுபடியும். மரத்தை இழுத்துத் தள்ளினார்கள்.

மலையில் பெய்த மழை ஆற்றில் செம்மண்ணாக வந்துகொண்டிருந்தது. லாரி இறங்கியதும் கதவிடுக்கு வழியாகத் தண்ணீர் புகுந்து கால்களை நனைத்தது. தெக்லா கதவோரம் உட்கார்ந்து, நடுவில் இருந்த பொலிகார்ப்பை வலது தோளில் தாங்கியிருந்தாள். பாதி ஆற்றில் முன்சக்கரம் எதிலோ இறங்கி வண்டி சாய்ந்தது. சரளை அள்ளி அள்ளி ஆற்றின் அடியே மாறிப்போயிருந்தது. பள்ளம் எங்கே, திட்டு எங்கே என்று கமிலஸுக்குத் தெரியவில்லை.

"எந்தப் பக்கம்?" என்றான். யாரைக் கேட்கிறான் என்று மூவருக்கும் தெரிந்தது.

பொலிகார்ப் கண்ணைத் திறக்காமலே, வெட்டுப்படாத கையை மெல்லத் தூக்கி இடதுபக்கம் காட்டினான். கமிலஸ் ஸ்டியரிங்கை ஒடித்தான். சக்கரம் பிடித்து, வண்டி ஊர்ந்தது. பொலிகார்ப்பின் கை மடியில் விழுந்தது. கண்ணாடியில்லாத முகப்பு வழியாக ஆறு இரைந்துகொண்டிருக்க, முன்னால் பார்க்காமல், அந்தக் கை மறுபடி எழுமா என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தான் கமிலஸ்.