சுவருக்கு வந்த காய்ச்சல்

பெயிண்டருக்குக் கட்டைவிரலில் வெட்டுப்பட்டது. காய்ச்சல் வந்தது அவர் வீட்டுச் சுவருக்கு. சமையலறையில் தகர டப்பாவின் மூடியை நெம்பும்போது பட்ட வெட்டு, நகக்கீறல் அளவுதான். சாரத்தில் ஏறி இறங்குகிற மனிதருக்கு இதெல்லாம் ஒரு காயமா? விரிசல் என்றால் பட்டி வைத்து அடைப்பு, பட்டிமேல் இரண்டு கோட்டிங். அவருக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான். வெட்டை பிரஷ் கழுவும் டர்பன்டைனில் துடைத்து, ஜன்னல் ஓரங்களில் ஒட்டும் டேப்பைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனார். வலிக்கவே இல்லை. வம்பே அதுதான்.

மறுநாள் அடுப்புக்கு மேலே சுவரில் நூலளவுக்குச் சிவப்பாக ஒரு கோடு தெரிந்தது. தொட்டால் சுட்டது. பெயிண்டர் பட்டி பார்த்து, தேய்த்து, வெள்ளை அடித்தார். சாயங்காலத்துக்குள் வெள்ளை கொப்பளித்து உரிந்தது. கோடு கூடத்துக்கு வந்திருந்தது. அவர் அடிக்க, அது நகர, நாட்கள் இப்படியே போயின. அக்கம்பக்கத்தார் வந்து தொட்டுப் பார்த்து, ஈரம் இறங்குகிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். டேப்புக்குள் விரல் உப்பிக்கொண்டிருந்ததை அவர் மனைவி மட்டும்தான் கவனித்தாள்.

“ஏங்க, சுவருக்கு இவ்வளவு பாக்குறீங்களே, அந்த விரலைக் கொஞ்சம் ஆஸ்பத்திரியில காட்டுனா என்ன?”

“பிடிச்ச வேலை முடியட்டும். கீறலுக்கெல்லாம் போய் நின்னா சிரிப்பாங்க.”

கோடு படுக்கையறைக்குள் நுழைந்து மகளின் கட்டிலை நோக்கித் திரும்பியது. மனைவி கட்டிலை எதிர்ச்சுவருக்கு இழுத்துப் போட்டாள். கோடும் மூலையில் திரும்பிப் பின்னாலேயே வந்தது. பெயிண்டர் வாளியும் பிரஷ்ஷுமாக அதற்கு முன்னால் ஓடி ஓடி அடித்தார். மத்தியானம் கோடு கட்டிலைத் தொட்டது. தூங்கிக்கொண்டிருந்த குழந்தையின் உடம்பு நெருப்பாகக் கொதித்தது. சுவர் அந்த நொடியே ஜில்லென்று ஆகிவிட்டது.

குழந்தையை அள்ளிக்கொண்டு இருவரும் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். நர்ஸ் குழந்தையை ஒரு பார்வை பார்த்தார்; பிறகு டேப் சுற்றிய விரலைப் பார்த்தார். இப்படிப்பட்ட வீடுகளை நிறையப் பார்த்தவர் போலிருக்கிறது.

“குழந்தைய அம்மாகிட்ட குடுத்துட்டு நீங்க வந்து உக்காருங்க. இப்பத்தான் உங்களுக்கு வழி தெரிஞ்சுதா?”

டாக்டர் விரலைக் கீறிச் சீழை எடுத்தார். அத்தனை நாள் வராத வலி மொத்தமும் அப்போது வந்தது. பெயிண்டர் வாய்விட்டு அலறினார். மகள் பிழைத்தால் போதும் என்றும் அதே மூச்சில் கத்தினார். சீழ் வடிய வடியக் குழந்தையின் நெற்றி குளிர்ந்தது. ஊசி போட்டு, கட்டுப் போட்டு, திட்டியும் அனுப்பினார்கள். அந்தக் கட்டைவிரலில் நகம் மட்டும் திரும்ப முளைக்கவில்லை.

கோடு இன்னும் படுக்கையறைச் சுவரில் அங்கேயே இருக்கிறது. வெள்ளையடிக்கும்போதெல்லாம் பெயிண்டர் அதை விட்டுவிட்டு அடிப்பார். மகள் வளர்ந்துவிட்டாள். போன வாரம் காய் நறுக்கும்போது அம்மாவின் விரலில் கத்தி பட்டது.

“ஒண்ணுமில்லடி” என்றாள் அம்மா.

மகள் படுக்கையறைக்குப் போய் அந்தக் கோட்டைத் தொட்டுப் பார்த்தாள். வெதுவெதுவென்று இருந்தது. அடுப்பை அணைத்துவிட்டு, அம்மாவின் செருப்பை எடுத்து வாசலில் போட்டாள்.