தெற்குச் சரிவு

விடியும் முன்பே எஜிஸ்தோ பரணில் ஏறியிருந்தார். உத்தரத்தில் இரண்டு மாதமாகத் தொங்கி வற்றிய திராட்சைக் குலைகளை இறக்கி, பூஞ்சை பிடித்த பழங்களைக் கிள்ளி எறிந்தார். நவம்பர்க் குளிரில் விரல்கள் மரத்தன. நகக்கண்ணில் சாறு பிசினாய் ஒட்டியது. முதலாளியின் பண்ணைத் தொட்டிகளில் புது ஒயின் பொங்கி அடங்கியதும் இந்த வற்றலை நசுக்கிக் கொட்ட வேண்டும். மறுபடி பொங்கினால்தான் இந்தக் கியாந்தி மலை ஒயினுக்குப் புளிப்பு முறியும், உயிர் வரும்.

இந்த வருஷம் வற்றல் பழம் பண்ணைக்குப் போகாது என்று ஐந்து குத்தகை வீடுகள் முடிவெடுத்துவிட்டன. ஆறாவது வீடான எஜிஸ்தோ மட்டும் இன்னும் வாக்குக் கொடுக்கவில்லை.

காரணம் உபால்தோ. போர் முடிந்த பிறகும் உழுகிறவனுக்கு விளைச்சலில் பாதிதானா என்று குத்தகைக்காரர் சங்கக் கூட்டத்தில் முதலில் எழுந்து கேட்டவன் அவன். வீட்டையும் நிலத்தையும் விட்டு வெளியேறும்படி முதலாளி அவனுக்கு நோட்டீஸ் கொடுத்திருந்தார். அதைத் திரும்பப் பெறும்வரை பரண்கள் திறக்கா.

போயும் போயும் அவனுக்காகவா! வெயில் முழுக்க விழும் தெற்குச் சரிவு அவனிடம் இருந்தது. எஜிஸ்தோவின் வடக்குச் சரிவில் விளையும் சாஞ்சோவேசே திராட்சைதான் ஒயினுக்கு முதுகெலும்பு. ஆனால் குடிப்பவர்கள் சப்புக்கொட்டிப் புகழ்வதெல்லாம் அதில் கலக்கும் உபால்தோவின் கனாயோலோ திராட்சையை. முப்பது வருஷமாக அந்தப் புகழ் எஜிஸ்தோவின் வயிற்றை எரித்தது.

விடிந்ததும் முற்றத்தில் முதலாளி பெர்னார்தோவின் ஜீப் வந்து நின்றது. எஜிஸ்தோ பரணிலிருந்து இறங்கி வந்தார்.

“பழம் தயாரா எஜிஸ்தோ? உன்னோடது மட்டும் வந்தாலே போதும், தொட்டி பொங்கிடும்.”

“மத்தவங்க?”

“கிடக்கட்டும். நாலு தலைமுறையா பண்ணைக்கு உண்மையா இருக்கிற குடும்பம் உன்னோடது. உபால்தோ போனதும் தெற்குச் சரிவு உனக்குத்தான்.”

எஜிஸ்தோ தெற்குச் சரிவைத் திரும்பிப் பார்த்தார். அந்த மண், அந்த வெயில்.

“அங்க விளையிறதை யார் பழம்னு சொல்லுவாங்க, ஐயா?”

“உன் பழம்னுதான்.”

“இல்ல. உபால்தோ நட்ட கொடி, எஜிஸ்தோ பிடுங்கிக்கிட்டான்னு சொல்லுவாங்க. எங்க வீட்ல எவனும் அடுத்தவன் தட்டுல கை வச்சதில்ல.”

“வீறாப்பு வயித்தை நிரப்பாது. உனக்கும் நோட்டீஸ் வரும்.”

“வரட்டும். அதுலயாவது என் பேர் இருக்கும்.”

ஜீப் போனதும் பரணைப் பூட்டிவிட்டு உபால்தோ வீட்டுக்கு நடந்தார். அவன் விறகு பிளந்துகொண்டிருந்தான்.

“என்னண்ணே, வழி தவறிட்டீங்களா?”

“உன் சரிவை எனக்குத் தர்றேன்னாரு.”

கோடாரி அந்தரத்தில் நின்றது. “வாங்கிட்டீங்களா?”

“உன்னை ஜெயிக்கணும்னுதான்டா வருஷா வருஷம் கொடி கவாத்து பண்றேன். உன்னைத் துரத்திட்டு யாரை ஜெயிக்கிறது? என் பரணையும் பூட்டிட்டேன். சங்கத்துல சொல்லிடு.”

உபால்தோவுக்குக் கண் கலங்கியது, உடனே சிரித்தான். “அப்போ என் பழம் ஒசத்தின்னு ஒத்துக்கறீங்க.”

“வாயைக் கழுவு! கொழகொழன்னு ஒரு பழம். என்னோடது சேரலேன்னா உன் ஒயின் எழுந்தே நிக்காது.”

மறுநாள் காலை, உபால்தோவைக் காலி செய்ய வைக்கப் போலீஸ் லாரி மலைப்பாதையில் உறுமி ஏறியது. பண்ணைத் தொட்டிகளில் ஒயின் சலனமில்லாமல் கிடந்தது. ஆறு வீட்டாரும் அவன் வாசலை அடைத்து நின்றார்கள்.

“தள்ளி நில்லுங்கண்ணே, நோட்டீஸ் எனக்குத்தானே.”

“எப்பவும் நீதானே முன்னால நின்ன? இன்னிக்கு நான்” என்று சொல்லி, எஜிஸ்தோ அவனுக்கு ஓரடி முன்னே போய் நின்றார்.